ஆறு சிங்கிளிலிருந்து ஒரு எல்பி: லாஸ் சைக்கோஸ் மாதிரி குழுக்களை மறுவெளியீடு செய்யும்போது

லாஸ் சைக்கோஸ் என்ற ராக் குழு தங்கள் காலத்தில் ஒரு எல்பிகூட, அதாவது பல பாடல்கள் கொண்ட பெரிய தட்டு ஒன்றுகூட, போடவில்லை. பெருவின் தலைநகர் லிமாவில், லின்சே பகுதியைச் சேர்ந்த நான்கு பையன்கள்: கிடார் வாசித்துப் பாடிய எர்வின் ஃப்ளோரெஸ், லீட் கிடார் ரோலாண்டோ கார்ப்பியோ, பாஸ் சேசர் காஸ்த்ரியோன், டிரம்ஸ் பாஞ்சோ கெவாரா. 1965, 66 இரண்டு வருடங்களுக்குள் டிஸ்பெரு நிறுவனத்துக்கு சிங்கிள் எனப்படும் ஏழங்குலச் சிறு தட்டுகள் ஆறு பதிவு செய்தார்கள். பக்கத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பாடல்கள். பிறகு குழு கலைந்துவிட்டது. உலகத்தில் பங்க் ராக் பிறந்த இடம் இதுதான் என்று லின்சேயின் ஒரு தெருமுனையில் இன்று பலகை பதித்திருக்கிறார்கள். பன்னிரண்டு பாடல்களையும் ஒன்றாகச் சேர்த்து ஸ்பெயினின் மன்ஸ்டர் ரெக்கார்ட்ஸ் 2010-இல் வெளியிட்டது.

இப்படிப்பட்ட குழுவின் தட்டு மறுபடி வரும்போது விளம்பரத்தில் 180 கிராம் எடை, சிவப்பு வினைல், மடிப்பு அட்டை என்றுதான் பேசுவார்கள். காதில் விழும் ஒலியைத் தீர்மானிப்பது இவை எதுவும் இல்லை. ஒலி எங்கிருந்து எடுக்கப்பட்டது, எடுத்தவர் கை எவ்வளவு நிதானமாக இருந்தது, இவ்விரண்டும்தான் முக்கால்வாசி. மீதிக் கால்வாசி தட்டு அச்சாகும் ஆலையில் நடக்கிறது.

முதலில் டேப். மூல டேப் கிடைத்தால் அதை விட்டுவிட்டு வேறெங்கும் போகக் கூடாது. ஆனால் கிடைத்த டேப் எந்தத் தலைமுறை, அதாவது மூலமா, நகலா, நகலின் நகலா என்று பார்க்க வேண்டும். பெட்டியின் மேல் மாஸ்டர் என்று எழுதியிருந்தாலும், உள்ளே இருப்பது தட்டு வெட்டுவதற்காகக் கம்ப்ரஸ் செய்து (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சுருக்கி) பாஸை, அதாவது கீழ் ஒலிகளை, குறைத்த நகலாக இருக்கலாம். அதைவிட மோசம், மோனோவை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் பாஸ், மறுபக்கம் ட்ரெபிள் (மேல் ஒலிகள்) என்று அறுபதுகளின் கடைசியில் செய்த போலி ஸ்டீரியோ நகல். அதற்கு, நல்ல நிலையில் உள்ள ஒரு பழைய சிங்கிளே மேல்.

அறுபதுகளின் டேப்பை அடுப்பில் சூடாக்குவது பலர் செய்யும் தவறு. சூடாக்குவது எழுபதுகளின் நடுவிலிருந்து வந்த சில பாலியெஸ்டர் டேப்புகளுக்கான மருந்து. அவற்றில் காந்தத் தூளைப் பிடித்திருக்கும் பசை ஈரம் குடித்துப் பிசுபிசுக்கும், 54 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் வைத்தால் தற்காலிகமாகச் சரியாகும். அதற்கு முந்தைய அசிடேட் டேப்புக்கு அந்த நோய் கிடையாது. சூடாக்கினால் அது வளைந்து நொறுங்கிப் போகும். சுருளைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வெளிச்சம் ஊடுருவினால் அசிடேட், இருட்டாக இருந்தால் பாலியெஸ்டர். வினிகர் வாடை அடித்தால் அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது, ஒத்திப்போட நேரமில்லை. டேப்பின் துண்டுகளை இணைத்த பழைய ஒட்டுகளின் பசை காய்ந்திருக்கும். ஓடவிட்ட பிறகு ஒவ்வொன்றாக அறுந்து விழுவதற்குள், முன்கூட்டியே எல்லா ஒட்டையும் மாற்றிவிடுவது நல்லது.

இன்னொரு சிக்கல் ஈக்வலைசேஷன், அதாவது மேல் ஒலிகளையும் கீழ் ஒலிகளையும் கூட்டிக் குறைக்கும் அளவு. தி மாங்க்ஸ் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கு ஜெர்மனியில் பணியாற்றிய அமெரிக்கப் படைவீரர்கள் ஐந்து பேர். 1965 நவம்பரில் கொலோனில் பதிவாகி 1966-இல் பாலிடார் வெளியிட்ட ‘பிளாக் மாங்க் டைம்’ மட்டுமே அவர்களுடைய ஸ்டுடியோ எல்பி. ஜெர்மன் ஸ்டுடியோ டேப் வழக்கமாக ஐஈசி என்ற தர அளவில் இருக்கும். அமெரிக்காவில் நாப் என்ற வேறு தர அளவு. விநாடிக்கு 38 செ.மீ. வேகத்தில் ஓடும் ஐஈசி டேப்பை நாப் நிலையில் வைத்து ஓட்டினால் மேல் ஒலிகள் ஏறத்தாழ 3 டெசிபல் கூடும், 50 ஹெர்ட்ஸ் அருகே 3 டெசிபல் குறையும். விசையும் டிரம்ஸும்தான் உயிர் என்று வாழ்ந்த ஒரு குழு மெலிந்து, காதைக் கீறும். அது அந்தக் காலத்து ஒலி என்று பாராட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு சுவிட்ச் தப்பான இடத்தில் நின்றதன் விளைவுதான் அது.

டேப் இல்லை, சிங்கிள்கள் மட்டுமே கையில் என்றால்தான் உண்மையான வேலை.

ஒரே பாடலுக்கு முடிந்தவரை அதிகப் பிரதிகளைச் சேர்க்க வேண்டும். பார்க்கப் பளபளப்பாக இருப்பது நன்றாக ஒலிக்கும் என்பதில்லை. அந்தக் காலத்து எடுத்துச் செல்லும் பிளேயர்கள் ஊசியை மிகக் கனமாக அழுத்தின. கீறலே இல்லாத தட்டின் க்ரூவ், அதாவது ஊசி ஓடும் பள்ளம், உள்ளுக்குள் தேய்ந்து போயிருக்கலாம். மேலே நாலு கீறலோடு இருக்கும் தட்டு உள்ளே புதிதாகவே இருக்கலாம். கீறலின் சத்தத்தை எடுத்துவிடலாம், தேய்மானத்தை எடுக்க வழியில்லை. எனவே கண்ணால் தரம் பிரிக்காமல் எல்லாவற்றையும் கழுவி, ஓட்டிப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கழுவ வாலை வடிநீர் போதும், அதில் ஓரிரு சொட்டு நுரைக்காத வெட்டிங் ஏஜென்ட் (நீரைப் பரவச் செய்யும் திரவம்). வேக்கம் வைத்து ஈரத்தை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும், தானாகக் காயவிட்டால் அழுக்கு மறுபடி க்ரூவுக்குள்ளேயே உறைந்துவிடும். அமெரிக்க சிங்கிள்களில் பல வினைல் அல்ல, பாலிஸ்டைரீன். இலேசாக இருக்கும், தட்டினால் கணீரென்று கேட்கும். அவற்றில் ஆல்கஹால் கலந்த திரவம் படவே கூடாது. ஸ்டைரீன் வினைலைவிடச் சீக்கிரம் தேயும். வானொலி நிலையத்திலிருந்து வந்த பிரதி என்றால், பாட்டின் தொடக்கத்தைப் பிடிக்கத் தட்டை முன்னும் பின்னும் உருட்டியிருப்பார்கள். முதல் இரண்டு விநாடி சரசரவென்று பொரியும். அந்த இரண்டு விநாடிக்கு மட்டும் வேறு பிரதி தேவைப்படும்.

அடுத்து ஊசி. மோனோ காலத்து க்ரூவுக்கு 25 மைக்ரான் ஆரமுள்ள கூம்பு ஊசி, ஸ்டீரியோவுக்கு 18 மைக்ரான் என்பது பொது வழக்கு. அதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கிணற்று விளிம்புக் கல்லில் கயிறு பதித்த தடம் போல, பழைய ஊசி க்ரூவின் சுவரில் ஒரு குறிப்பிட்ட உயரத்தில் மட்டும் தேய்த்திருக்கும். சிறிய ஊசி அதற்குக் கீழே இறங்கி உட்காரும், பெரியது அதற்கு மேலே. கீழே அடியில் அழுக்கு தங்கியிருந்தால் பெரிய ஊசி ஜெயிக்கும், நடுச்சுவர் தேய்ந்திருந்தால் சிறியது. மூன்று நான்கு ஊசிகளில் ஒரே 20 விநாடியைப் பதிவு செய்து அருகருகே கேளுங்கள். பாடகர் கத்தும் இடம்தான் சோதனைக்கு உகந்தது, தேய்ந்த சுவர் அங்கேதான் முதலில் கரகரக்கும். ஃப்ளோரெஸ் அடித்தொண்டையிலிருந்து கத்துகிறவர். எது அவருடைய தொண்டையின் கரகரப்பு, எது தேய்மானத்தின் கரகரப்பு என்று ஒரே ஊசியில் கேட்டால் தெரியாது. ஊசி மாற்றும்போது மாறுவது தேய்மானம், மாறாமல் நிற்பது அவர் குரல்.

மோனோ தட்டுதானே என்று மோனோவாகப் பதிவு செய்துவிடாதீர்கள். ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் (ஊசியின் அசைவை மின்னலையாக மாற்றும் பாகம்), இரண்டு சானலும் தனித்தனியாக, 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸில், உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் எடுங்கள். இரண்டு சானலும் க்ரூவின் இரண்டு சுவர்கள். பல பிரதிகளில் ஒரு சுவர் பாழாகி மற்றது பிழைத்திருக்கும். அப்போது பிழைத்த சுவரை மட்டும் பயன்படுத்தலாம். இரண்டும் நன்றாக இருந்தால் கூட்டுங்கள். மோனோ க்ரூவில் இசை பக்கவாட்டு அசைவில் மட்டுமே இருக்கிறது, ஊசி மேலும் கீழும் குதிப்பதால் வரும் இரைச்சல் இரண்டு சானலிலும் எதிரெதிராக நின்று கூட்டும்போது அழிந்துவிடும். ஆனால் கூட்டுவதற்கு முன் இரண்டும் நேரத்தில் ஒத்துப்போகிறதா என்று அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஊசி சற்றுத் திரும்பியிருந்தால் ஒரு சானல் பின்தங்கும். 96 கிலோஹெர்ட்ஸில் மூன்று சாம்பிள் (டிஜிட்டல் பதிவின் ஒவ்வொரு அளவீடு) என்பது 31 மைக்ரோ விநாடிதான், ஆனால் கூட்டினால் 16 கிலோஹெர்ட்ஸ் முழுதாகக் காணாமல் போகும், அதற்குக் கீழேயும் டிரம்ஸின் சிம்பல் ஒலி மங்கும்.

நடு ஓட்டை சரியான மையத்தில் இல்லாத சிங்கிள்கள் ஏராளம். 1 மி.மீ. தள்ளியிருந்தால், வெளிவிளிம்பில் ஆரம் 80 மி.மீ. இருக்கும் இடத்தில் சுருதி ஒன்றேகால் சதவீதம் மேலும் கீழும் ஆடும். பாட்டு முடியும் உள்விளிம்பில், 55 மி.மீ. அருகே, அது 1.8 சதவீதம். மேல் கீழ் சேர்த்து அரை ஸ்வரத்தில் பாதிக்கும் மேல். நிமிடத்துக்கு 45 சுழற்சியில் இது 1.33 விநாடிக்கு ஒருமுறை வந்துபோகும், கிடாரில் பல ஸ்வரங்களைச் சேர்த்து மீட்டும் கடைசி கார்டு நீண்டு நிற்கும்போது அப்பட்டமாகத் தெரியும். நல்லவேளையாக சிங்கிளில் 38 மி.மீ. அகல ஓட்டை. நடுத்தண்டுக்கு அடாப்டர் போடாமல் தட்டை வைத்து, சுற்றவிட்டு, டோன்ஆர்ம், அதாவது ஊசியைத் தாங்கும் கை, பக்கவாட்டில் ஆடுவதைப் பார்த்து, ஆட்டம் நிற்கும் வரை தட்டை விரல் நுனியால் தட்டித் தட்டி நகர்த்தலாம். பொறுமை வேண்டிய வேலை. மென்பொருளில் பிறகு சரிசெய்யலாம் என்று விடுவது இரண்டாம்பட்சம். மென்பொருளுக்குத் தட்டின் ஆட்டமும் வாசித்தவரின் ஆட்டமும் ஒன்றுதான். நியூ ஹாம்ப்ஷயரின் விக்கின் சகோதரிகள் 1969-இல் தி ஷாக்ஸ் என்ற பெயரில் பதிவு செய்த எல்பியில் கிடார்களின் சுருதி ஒன்றோடொன்று சேராது, தாளம் தன் போக்கில் போகும். அதை ஒரு சுருதி திருத்தும் மென்பொருளிடம் கொடுத்தால், அந்தத் தட்டைத் தேடி வருகிறவர்கள் எதற்காக வருகிறார்களோ அதையே துடைத்துவிடும்.

வேகத்தைச் சரிபார்க்க கிடாரின் சுருதியை நம்ப முடியாது. ட்யூனர் இல்லாத காலம், ஒருவரை ஒருவர் கேட்டு இழுத்துக்கொண்டார்கள். மின்சார ஹம், அதாவது மின்கருவிகளின் முனகல், உதவும். பெருவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், ஜெர்மனியில் 50. பாட்டு தொடங்குவதற்கு முன் ஆம்ப்ளிஃபையர் மட்டும் முனகும் அரை விநாடியை ஸ்பெக்ட்ரத்தில் விரித்தால், 60, 120, 180-இல் முனை தெரியும். 58.8-இல் நின்றால் அந்தப் பிரதி 2 சதவீதம் மெதுவாக ஓடுகிறது. அந்த ஹம் உங்களுடைய ப்ரீஆம்ப்பிலிருந்து (ஊசியின் சிறு ஒலியைப் பெருக்கும் கருவி) வருகிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். ஊசியைத் தூக்கி வைத்துப் பதிவு செய்து பாருங்கள், அப்போதும் அதே முனை இருந்தால் அது உங்கள் வீட்டு மின்சாரம்.

தூசியாலும் கீறலாலும் வரும் கிளிக் சத்தத்தை நீக்குவது இந்த வகை இசையில் மற்ற எதையும்விட ஆபத்தான கட்டம். மென்பொருள் தேடுவது திடீரென்று எழும்பி உடனே விழும் ஒலியை. ஸ்னேர் டிரம்மின் அடி அப்படித்தான் இருக்கும். ஒலியைச் சிதைத்துக் கரகரக்க வைத்த ஃபஸ் கிடாரின் விளிம்பு அப்படித்தான் இருக்கும். மாங்க்ஸில் டேவ் டே வாசித்தது கிடார் கம்பி கட்டி உள்ளே மைக் வைத்த ஆறு கம்பி பான்ஜோ. அதில் அவர் வெட்டுகிற ஒவ்வொரு அடியும் மென்பொருளுக்கு ஒரு தூசி. ஃப்ளோரெஸ் தடதடவென்று உதிர்க்கும் அசைகளில் ஒவ்வொன்றின் தொடக்கமும் அப்படியே. ஒருமுறை தானியங்கியில் போட்டால் கிளிக் போகும், கூடவே கோபமும் போகும். டிரம்ஸ் மேல் துணி போர்த்தியது போலாகிவிடும், கேட்பவர் எங்கே குறை என்று சொல்லத் தெரியாமல் சோர்ந்துபோவார்.

பெரும்பாலான மென்பொருள்களில் நீக்கியதை மட்டும் தனியாகக் கேட்கும் வசதி இருக்கிறது. அதை அழுத்திவிட்டு வேலை செய்யுங்கள். வெறும் பொரிபொரிச் சத்தம் கேட்டால் சரி. பாட்டின் தாளம் காலைத் தட்ட வைக்கும் அளவுக்குக் கேட்டால், நீங்கள் இசையைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறீர்கள். பெரிய கிளிக்குகளை அலைவடிவத்தில் தேடிப்பிடித்துக் கையால் எடுப்பதே நல்லது. இதை மோனோவாகக் கூட்டுவதற்கு முன், இரண்டு சானலிலும் தனித்தனியே செய்யுங்கள். பல கீறல்கள் ஒரு சுவரில் மட்டுமே இருக்கும், அடுத்த சுவரைப் பார்த்தால் அந்த இடத்தில் உண்மையில் என்ன இருந்தது என்று தெரியும். தொடர்ந்து வரும் மெல்லிய ஸ்ஸ் சத்தத்தை விட்டுவிடுங்கள். அதைத் துடைக்கும் மென்பொருள் அறையின் எதிரொலியையும் சேர்த்தே துடைக்கும். நான்கு பேரும் ஒரே அறையில் நின்று வாசித்த பதிவில் அந்த எதிரொலிதான் ஐந்தாவது வாத்தியம்.

இரண்டு பிரதிகளில் ஒரே இடத்தில் ஒரே கிளிக் வந்தால் அது தட்டில் ஏறியது அல்ல, அச்சிலேயே இருந்தது. ரன்அவுட்டில், அதாவது பாட்டு முடிந்து லேபிளுக்கு முன் உள்ள வெற்றிடத்தில், கீறிய எண் இரண்டிலும் ஒன்றாக இருந்தால் மூன்றாவது பிரதி வாங்குவதில் அந்த இடத்துக்குப் பயன் இல்லை.

பன்னிரண்டு சிங்கிள் பாடல்களை ஒரு எல்பியில் அடுக்கும்போது வரிசை தொகுப்பாளருடையது, ஏனென்றால் குழு அப்படி ஒரு வரிசையைத் தீர்மானிக்கவே இல்லை. காலவரிசை பலருக்குப் பிடிக்கும். ஆனால் க்ரூவுக்கும் ஒரு விருப்பம் உண்டு. நிமிடத்துக்கு 33⅓ சுழற்சியில் எல்பியின் வெளிவிளிம்பில் க்ரூவ் ஊசியைக் கடப்பது விநாடிக்கு ஏறத்தாழ 51 செ.மீ., 60 மி.மீ. ஆரத்தில் வெறும் 21 செ.மீ. மிகக் கூச்சலான பாட்டை உள்ளே வைத்தால் ‘ச’, ‘ஸ’ ஒலிகளும் சிம்பலும் துப்பும். மெதுவான பாட்டை அங்கே வையுங்கள். பக்கத்துக்கு 15 நிமிடத்துக்கு மேல் போகாத இந்த வகை எல்பியில் இடத்துக்குப் பஞ்சமில்லை. சத்தமாக வெட்டச் சொல்லலாம், அல்லது மிதமாக வெட்டி உள்விளிம்புக்கு வெகு முன்பே முடிக்கச் சொல்லலாம். எனக்கு இரண்டாவதுதான் சரி. ஒவ்வொரு சிங்கிளும் வேறு வேறு நாளில் வேறு அளவில் வெட்டப்பட்டது, அதனால் குரலின் சத்தத்தை வைத்துச் சமப்படுத்துங்கள். தொனியை எல்லாப் பாட்டிலும் ஒன்றாக்க முயல வேண்டாம்.

புதிய தட்டுக்கு மூல க்ரூவை வெட்டுபவர் ஃபைலை அப்படியே வெட்டிவிடாமல் இருக்க, இது மோனோ என்று அவரிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். அலுமினியத் தட்டில் நைட்ரோசெல்லுலோஸ் பூசிய லேக்கரில் வெட்டுவது ஒரு முறை, செம்பில் நேரடியாக வெட்டும் டிஎம்எம் இன்னொன்று. 2020 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் பேனிங்கில் இருந்த அப்போலோ மாஸ்டர்ஸ் ஆலை எரிந்தபின் லேக்கருக்கு உலகம் பெரும்பாலும் ஜப்பானின் எம்டிசி நிறுவனத்தை நம்ப வேண்டியதாயிற்று. லேக்கர் வெட்டியதும் நாள் கடத்தாமல் வெள்ளி பூசி நிக்கல் ஏற்றிவிட வேண்டும். வைத்திருந்தால் க்ரூவ் மெல்லத் தளர்ந்து மேல் ஒலிகள் மங்கும், அடுத்த சுற்றின் ஒலி முன்கூட்டியே முணுமுணுக்கும்.

ஆலையிலிருந்து வரும் சோதனைப் பிரதிகளைக் கட்டாயம் கேளுங்கள், ஒன்றை மட்டும் அல்ல, குறைந்தது மூன்றை. மூன்றிலும் ஒரே இடத்தில் குறை கேட்டால் அது வெட்டிலோ நிக்கலிலோ இருக்கிறது, நிராகரிக்கலாம். ஒன்றில் மட்டும் என்றால் அது அந்தத் தட்டின் விதி. ஓரிரு சுற்றுக்கு ஸிப் இழுத்தது போல் கிர்ரென்று கேட்டால் தட்டின் மூலப்பொருளான பிவிசி பிளாஸ்டிக் க்ரூவுக்குள் முழுதாகப் பாயவில்லை, வெப்பமோ அழுத்தமோ போதவில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அந்த இடம் வெள்ளையாகப் புள்ளி புள்ளியாகத் தெரியும். நடு லேபிள் கொப்பளித்திருந்தால் காகிதத்தைச் சரியாக உலர்த்தாமல் அழுத்தியிருக்கிறார்கள். வளைந்திருந்தால் ஆறுமுன் எடுத்து அடுக்கியிருப்பார்கள். 180 கிராம் தட்டு ஆற இன்னும் நேரம் பிடிக்கும், அவசர ஆலையில் 140 கிராமே பாதுகாப்பு. க்ரூவின் ஆழம் இரண்டிலும் ஒன்றுதான்.

உரிமை விஷயத்தில் பழைய தட்டு என்பதால் பொதுச்சொத்து என்று நினைத்துவிடக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013-க்குப் பின் ஒலிப்பதிவின் உரிமைக் காலம் 70 ஆண்டு, எனவே 1965-இல் வெளியானது 2035 முடியும் வரை காப்பில் இருக்கும். அமெரிக்காவில் 1957-க்கும் 1972 பிப்ரவரி 15-க்கும் இடையிலானவை 2067 பிப்ரவரி வரை. பதிவின் உரிமை ஒருவரிடம், பாட்டு எழுதியதன் உரிமை இன்னொருவரிடம், அட்டைப் படம் மூன்றாமவரிடம் இருக்கும். மூன்றும் தனித்தனி ஒப்பந்தம். குழுவில் உயிரோடு இருப்பவர்களுக்கும் இறந்தவர்களின் வீட்டாருக்கும், நிறுவனத்துக்குப் போவதைத் தவிர நேரடியாக ஒரு தொகையும் சில பிரதிகளும் போக வேண்டும். சட்டம் கேட்காவிட்டாலும் கொடுக்க வேண்டியது இது.

அட்டையை ஸ்கேன் செய்யும்போது 600 டிபிஐ, அச்சுப் புள்ளிகளை நீக்கிய பிறகே அளவு மாற்றுங்கள், இல்லையெனில் அலைவரிக் கோலம் விழும். எழுத்துகளை ஸ்கேனிலிருந்து எடுக்காமல் புதிதாகக் கோத்துவிடுங்கள். பின்னட்டையில் ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே, எந்த வெளியீட்டு எண் கொண்ட சிங்கிளிலிருந்தோ டேப்பிலிருந்தோ எடுத்தது, வேகம் எவ்வளவு திருத்தப்பட்டது, எந்த இடத்தில் வேறு பிரதி ஒட்டப்பட்டது என்று அச்சிட்டுவிடுங்கள். அடுத்த பத்து வருடத்தில் இதைவிட நல்ல பிரதி ஒருவர் கையில் கிடைத்தால், எந்தப் பாட்டிலிருந்து தொடங்குவது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.